அனைவருக்குமான நடைபயணம்: கடைசியாக வருபவர் எப்போது உட்காருவார்?

வாசகர் ஒருவரின் கேள்வி
2025 ஜனவரி 6

அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காகப் பல நாள் நடக்கும் நடைபயணங்களைப் பற்றி எனக்கு இரண்டு சந்தேகங்கள் உள்ளன. நிதிதான் நோக்கம் என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்காக 200 கிலோமீட்டர் நடக்க வேண்டும்? இது முதல் சந்தேகம். ‘அனைவரும் பங்கேற்கலாம்’ என்று அறிவிக்கிறார்களே, அது உண்மையா என்பது இரண்டாவது. சக்கர நாற்காலியில் செல்லும் என் அக்கா அந்த அறிவிப்பை நம்பிப் போனார். முதல் கிலோமீட்டரில் அவரை முன்வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். இரண்டாவது கிலோமீட்டரில் ‘உங்களுக்கு ஏன் சிரமம்’ என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு ‘அனைவரும்’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

ஜனவரி 6, இரவு

இரண்டாவது சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கும் மனவருத்தம் உண்டு. நான் இதுவரை நான்கு நெடுந்தொலைவு நடைபயணங்களில் கலந்துகொண்டிருக்கிறேன். முதல் இரண்டில் நடப்பவனாகவும், பிந்திய இரண்டில் கடைசி ஆளாகவும் போனேன். கடைசி ஆள் என்பது இகழ்ச்சிப் பெயர் அன்று, அது ஒரு பொறுப்பு. தனக்குப் பின்னால் எவரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டே நடப்பவர் அவர். கூட்டத்தின் முன்பகுதியில் நடப்பவருக்கு ஒருபோதும் தெரியாத செய்திகள் கடைசி ஆளுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நாளே தெரிந்துகொண்ட கணக்கு இது. ஓய்விடங்களுக்கு இடையே 6 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் 72 நிமிடத்தில் போய்ச் சேருவார். மணிக்கு 3 கிலோமீட்டர் செல்பவருக்கு 120 நிமிடம் ஆகும். முன்னே போனவர்கள் காலணியைக் கழற்றி, காலை நீட்டி, 48 நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றார்கள். கைதட்டி முடித்ததும் புறப்பட்டார்கள். மிகக் குறைந்த வலுவோடு வந்தவர்களுக்கு ஓய்வே இல்லை, மிகுந்த வலுவுள்ளவர்களுக்குத் தேவைக்கு மேல் ஓய்வு. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, கடிகாரம் மட்டுமே அப்படி அமைந்திருந்தது. மூன்றாவது ஓய்விடத்தில் ஊன்றுகோலுடன் வந்த ஒருவர் தாமாகவே வண்டியில் ஏறிக்கொண்டார். ‘அவரால் முடியவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

ஒரு நடைபயணம் அனைவருக்குமானதா என்பதை அறிய அறிவிப்பைப் படிக்க வேண்டியதில்லை. கடைசியாக வருபவர் எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று பார்த்தால் போதும். உங்கள் அக்காவை வண்டியில் ஏற்றியவர்கள் இந்தக் கணக்கை இரண்டாவது கிலோமீட்டரிலேயே போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடிகாரத்தை மாற்றுவதைவிட ஆளை ஏற்றுவது எளிது.

ஜனவரி 7

இனி முதல் சந்தேகம். பணம் மட்டுமே நோக்கம் என்றால் நீங்கள் சொல்வதே சரி. உதவி வண்டி, முதலுதவி, தங்குமிடம், குடிநீர் என்று செலவு செய்து நிதி திரட்டுவது சுற்றுவழிதான். ஆனால் கொடுப்பவர்களில் பலர் நடை இல்லாவிட்டால் கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்த டெர்ரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்கு முனையிலிருந்து செயற்கைக் காலுடன் புறப்பட்டார். தொடக்க வாரங்களில் அவரை அதிகம் பேர் கவனிக்கவில்லை. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் தண்டர் பே நகருக்கு அருகே செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று. கனடியர் ஒவ்வொருவரிடமிருந்தும் 1 டாலர் என்பது அவர் வைத்த இலக்கு. 1981 பிப்ரவரியில் திரண்ட தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அப்போது அந்நாட்டின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே. அதே ஆண்டு ஜூனில் அவர் இறந்தார். ஒரு கடிதம் எழுதி ஆளுக்கு 1 டாலர் கேட்டிருந்தால் எத்தனை பேர் உறையைப் பிரித்திருப்பார்கள்?

நடந்து போய்க் கேட்பது நமக்கும் புதிதன்று. 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்றவர்களுக்காக வினோபா பாவே கேட்டார், ஒருவர் 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அதன்பின் 13 ஆண்டுகளுக்கு மேல் அவர் நடந்துகொண்டே கேட்டார். கிடைத்த நிலம் முழுவதும் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது வேறு பெரிய கதை. ஆனால் கேட்பவர் கொடுப்பவரின் வாசலுக்கே காலால் நடந்து வருகிறார் என்பதில் ஏதோ ஒரு வலு இருக்கிறது.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

டெர்ரி ஃபாக்ஸ் ஓடினார், நடக்கவில்லை, இந்தக் கேள்வி-பதில் இழைக்குப் பொருந்தாத சான்று என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓடினார் என்பது உண்மைதான். ஆனால் 1981 செப்டம்பர் முதல் அவர் பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்வில் வெற்றியாளரும் இல்லை, பரிசும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். அந்த விதி இந்த இழைக்கு மிகவும் பொருந்தும்.

ஜனவரி 9

சக்கர நாற்காலியைப் பற்றி ஒரு செய்தி. சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் போடப்படுகின்றன. இரண்டு காலால் நடப்பவர் இதைக் கவனிப்பதே இல்லை. நாற்காலியோ நாள் முழுவதும் தாழ்ந்த பக்கத்தை நோக்கியே திரும்பப் பார்க்கும். மேடு ஏறுவதுதான் கடினம் என்று நானும் நினைத்திருந்தேன். என்னுடன் வந்தவர் மூன்றாம் நாள் மாலை தம் கையுறைகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒன்று ஏறக்குறையப் புதிது போல இருந்தது. மற்றதில் உள்ளங்கையின் தோல் வட்டமாகத் தேய்ந்து, உள்துணி தெரிந்து, அதுவும் நடுவில் பிய்ந்திருந்தது. ‘இதுதான் உங்கள் பாதையின் படம்’ என்றார்.

அமெரிக்காவின் அணுகல் விதிகள் சாய்தளத்தின் ஏற்றத்துக்கு 12க்கு 1 வரை, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் வரை, இடம் தருகின்றன. நடக்கும் தளத்தின் பக்கச் சரிவுக்கு 48க்கு 1க்கு மேல் இடம் தருவதில்லை. விதியை எழுதியவர்களுக்கு எது உண்மையில் வதைக்கும் என்பது தெரிந்திருக்கிறது. பாதை பார்க்கப் போகிறவர்களோ ஏற்றத்தை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

தாழ்ந்த பக்கத்துக் கைதான் அதிகம் தள்ள வேண்டியிருக்கும், ஆகையால் அந்தக் கையுறைதான் தேய்கிறது.

ஜனவரி 10

நேற்றைய குறிப்பின் கடைசி வரி தவறு. கேள்வி கேட்டவரின் அக்கா தம்பி வழியாகத் திருத்தம் அனுப்பியிருக்கிறார், அதை அவர் சொன்னபடியே தருகிறேன். தாழ்ந்த பக்கத்துக் கை தள்ளுகிறது; அதில் தோள்தான் வலிக்கும். மேட்டுப் பக்கத்துக் கை சக்கரத்தின் வளையத்தை உரசிப் பிடித்து வேகத்தை அடக்குகிறது. அதில்தான் கையுறை தேயும். ஒரு கை தள்ளவும் மறு கை தடுக்கவுமாகத்தான் நாற்காலி நேராகப் போகிறது. நான் அந்தக் கையுறையைக் கையில் வாங்கிப் பார்த்தவன், பக்கத்திலேயே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்தவன். ஆனாலும் எந்தக் கை எதைச் செய்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வேலை அதிகம் செய்த கையில்தான் தேய்மானம் இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவுகட்டிவிட்டேன்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: அக்காவையே நேராக எழுதச் சொல்லுங்கள். ‘எழுதுகிறவர்கள் எழுதட்டும், தவறு செய்தால் சொல்கிறேன்’ என்று பதில் வந்துவிட்டது. சரி.

ஜனவரி 12

நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் மற்றவர்கள் மறந்துபோகக் கூடாது.

செயற்கைக் காலுடன் நடப்பவருக்கு வியர்வை பெரிய எதிரி. உறைக்குள் ஈரம் சேர்ந்தால் தோல் வழுக்கி உரசும், உரசினால் புண்ணாகும், புண்ணானால் மறுநாள் அந்தக் காலை மாட்டவே முடியாது. மேலும், நாள் ஏற ஏற எஞ்சிய காலின் பருமன் சற்றே சுருங்கும். கூடுதல் துணியுறை ஒன்றைப் போட்டுக்கொண்டால்தான் கால் இறுக்கமாக நிற்கும். இதற்கெல்லாம் அவர் உட்கார வேண்டும், கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், மறைவும் வேண்டும். பத்து நிமிடம் ஆகும். நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் ஓய்விடம் அவருக்கு ஓய்விடமே அன்று.

காது கேளாத இருவர் எங்கள் குழுவில் இருந்தார்கள். சாலை குறுகிய இடத்தில் பாதுகாப்புக்காக ஒற்றை வரிசையில் நடக்கச் சொன்னோம். நியாயமான ஏற்பாடுதான். மற்றவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்கள். சைகை மொழிக்கு முகமும் கையும் தெரிய வேண்டும் என்பதால் அவர்கள் இருவரின் பேச்சு மட்டும் அந்த 9 கிலோமீட்டரும் நின்றுபோனது. அதை நான் கவனித்தது எட்டாவது கிலோமீட்டரில்.

பார்வையற்றவருடன் நடக்கும்போது ஒரு குறுகிய கயிற்றின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொள்வது வழக்கம். கைப்பிடியைவிட அது நல்லது. கயிறு திசையைச் சொல்லும், இழுக்காது. நான் முதல் நாளில் ஒவ்வொரு கல்லையும் பள்ளத்தையும் வாயால் அறிவித்துக்கொண்டே போனேன். நான்கு மணி நேரம் கழித்து அவர், ‘நீங்கள் சற்றுப் பேசாமல் வந்தால் எனக்குப் பாதை கேட்கும்’ என்றார்.

ஜனவரி 14

தீர்வு என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்த விதிகளில் மிகவும் நேர்மையானது ஹாங்காங்கின் டிரெயில்வாக்கர் நிகழ்வினுடையது. கூர்க்கா படையினரின் பயிற்சியாக 1981இல் தொடங்கி, 1986இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, ஆக்ஸ்ஃபாம் அமைப்புக்கு நிதி திரட்டும் நடையாக அது வளர்ந்தது. 100 கிலோமீட்டர், 48 மணி நேரம், நால்வர் கொண்ட அணி. நால்வரும் சேர்ந்தே ஒவ்வொரு சாவடியையும் கடக்க வேண்டும். ஆகவே நால்வரில் மெதுவானவரின் வேகம்தான் அணியின் வேகம். அவரை விட்டுவிட்டு முன்னே ஓடுவதால் யாருக்கும் ஒரு நிமிடமும் மிச்சமாகாது. அது கரடுமுரடான மலைப்பாதை என்பதால் சக்கர நாற்காலிக்கு வழியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த விதியைச் சமதளத்துக்கு எடுத்துவரலாம்.

நாங்கள் செய்து பார்த்தது வேறு: மெதுவானவர்களை 48 நிமிடம் முன்னதாக அனுப்பினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்விடத்தை அடைந்தார்கள், எல்லோருக்கும் ஒரே அளவு ஓய்வு கிடைத்தது, கணக்கு அழகாக நேரானது. அன்று மாலை நான் மிகவும் பெருமையாக இருந்தேன்.

ஜனவரி 14, நள்ளிரவு

மேலே எழுதியதை மீண்டும் படித்ததில் உறக்கம் வரவில்லை. கணக்கு நேரானது உண்மை. ஆனால் இருட்டு விலகுவதற்கு முன்பே மெதுவானவர்கள் தனியாகப் புறப்பட்டுப் போனார்கள், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள், பாதையில் இரு கூட்டமும் சந்திக்கவே இல்லை. ஒரே பெயரில் இரண்டு நடைபயணங்களை நடத்தியிருக்கிறோம். அடுத்த ஆண்டு, ஒவ்வொரு கட்டத்தின் கடைசி கிலோமீட்டரை மட்டும் எல்லோரும் சேர்ந்து மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது என்று முடிவுசெய்தோம். அதற்கு 20 நிமிடம் ஆகிறது. வேகமாக நடப்பவர்கள், மெதுவாக நடந்தால் இடுப்பு வலிக்கிறது என்று முறையிட்டார்கள். வலிப்பது உண்மை, பழக்கமில்லாத வேகத்தில் நடந்தால் உடம்பு முரண்டு பிடிக்கும். ஊன்றுகோல்காரர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜனவரி 15

‘நீங்கள் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி முடிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொள்வதைப் பார்த்தால், கடைசி ஆள் பதவி உங்களுக்குத் தகுதியின்பேரில்தான் கிடைத்திருக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறுப்பதற்கில்லை.

ஜனவரி 18

நெடுந்தொலைவு என்றால் எவ்வளவு என்றும் ஒரு கேள்வி வந்தது. 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் டாம் மூர் தம் நூறாவது பிறந்தநாளுக்கு முன் வீட்டுத் தோட்டத்தின் 25 மீட்டர் நீளத்தை நடைத்தாங்கியுடன் 100 முறை கடப்பதாகத் தொடங்கினார். மொத்தம் 2.5 கிலோமீட்டர். இலக்கு 1,000 பவுண்டு, திரண்டதோ 3.2 கோடி பவுண்டுக்கு மேல். எனக்கு 2.5 கிலோமீட்டர் என்பது அரை மணி நேரம். அவருக்கு அது நெடும்பயணம், அதைப் பார்த்த எவருக்கும் அதில் ஐயமில்லை.

ஆகவே ‘ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு’ என்று நன்கொடை வாக்குறுதி வாங்கும் முறையை நான் எதிர்க்கிறேன். அந்த முறையில் வலுவான கால்கள் அதிகம் திரட்டும், மெதுவானவரின் பெயருக்கு நேரே சிறிய எண் நிற்கும். நாள் கணக்கில் வாங்கலாம். ‘குறைந்தது இவ்வளவு திரட்டினால்தான் இடம்’ என்ற நிபந்தனையும் அவ்வாறே. பணக்கார நண்பர்கள் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்துகிறது.

டாம் மூர் என்றதும் அவர் பெயரிலான அறக்கட்டளை பற்றி எழுதுவார்கள் என்று தெரியும். அதன் நிர்வாகத்தைப் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் 2024இல் கடுமையாகக் குறைகூறியது. அந்த நடையில் திரண்ட தொகை அந்த அறக்கட்டளைக்குப் போனதன்று, தேசிய மருத்துவச் சேவைக்கான அறநிதியங்களுக்குப் போனது. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் கணக்கு கேட்பதை நிறுத்தவும் வேண்டாம். நான் பங்கேற்ற ஒன்றில் வரவு மட்டும் அறிவிக்கப்பட்டது. செலவைக் கேட்டபோது, நல்ல காரியத்தில் ஏன் சந்தேகம் என்று மனவருத்தப்பட்டார்கள். அடுத்த ஆண்டு நான் போகவில்லை.

ஜனவரி 21

சமூகங்களை இணைக்கிறது என்று எல்லா அறிவிப்பிலும் எழுதுகிறார்களே, அதற்கு ஏதாவது சான்று உண்டா என்பது கேள்வி கேட்டவரின் புதிய சந்தேகம்.

இலங்கையில் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 2011 ஜூலையில், தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீட்டரை 27 நாளில் நடந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கான நிதிக்காக அந்த நடை. 2016இல் அதையே திருப்பி, வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். அந்த நிதி காலிக்கு அருகிலுள்ள கராப்பிட்டி மருத்துவமனைக்கு. இதில் என்னைக் கவர்ந்தது திசைதான். முதலில் தெற்கிலிருந்து புறப்பட்டவர்கள் வடக்கின் நோயாளிகளுக்காக நடந்தார்கள், பிறகு வடக்கிலிருந்து புறப்பட்ட நடை தெற்கின் நோயாளிகளுக்காக. கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிக்கொண்டார்கள். ஒரே பக்கம் எப்போதும் கொடுத்துக்கொண்டிருந்தால் அது இணைப்பாகாது, உபகாரமாகவே நின்றுவிடும்.

அதனால் பகை தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நடப்பதில் ஒரு வசதி இருக்கிறது, அவ்வளவுதான். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது மௌனம் உறுத்தும். பக்கத்தில் நடக்கும்போது இருவரும் முன்னால் பார்க்கிறோம், பேச்சு நின்றாலும் காலடி தொடர்கிறது. தேர்தலில் எதிரெதிர்க் கட்சிகளுக்கு வேலை பார்த்த இருவர் என்னோடு வந்தார்கள். ஆறு நாளும் அவர்கள் பேசியது பெரும்பாலும் கொப்புளங்களைப் பற்றித்தான். அரசியலை எடுக்கவே இல்லை. அது இணைப்பா, தவிர்ப்பா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

ஜனவரி 22

ஒரு சிறு எச்சரிக்கை. மெதுவாக நடப்பவர்களிடம் ஒவ்வொரு தொண்டரும் ‘தண்ணீர் குடியுங்கள்’ என்று வற்புறுத்துவதைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். நீண்ட நேரம் பாதையில் இருப்பவர் தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அது தொடங்கும். நீர்க்குறைவு என்று தவறாக எண்ணி மேலும் குடிக்க வைத்தால் உயிருக்கே ஆபத்து. தாகத்துக்குக் குடிக்கட்டும், அளவை அவரே முடிவுசெய்யட்டும். வெயிலை மட்டும் அமைப்பாளர் முடிவுசெய்ய வேண்டும்: 1909 முதல் நடக்கும் நெதர்லாந்தின் நைமேகன் நான்கு நாள் நடையை 2006இல் கடும் வெப்பத்தால் இருவர் இறந்தபின் முதல் நாளோடு நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கும் மனம் வேண்டும்.

பிப்ரவரி 3

இந்த இழையைப் படித்த எங்கள் குழுவினர் அடுத்த நடைக்கு இரண்டு மாற்றங்களை ஏற்றுக்கொண்டார்கள். ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த நிமிடத்திலிருந்தே எண்ணப்படும். உதவி வண்டியில் ஏறச் சொல்லும் உரிமை மருத்துவரைத் தவிர வேறெவருக்கும் இல்லை. ஏற விரும்புபவர் தாமாகக் கேட்க வேண்டும். மூன்றாவதாக நான் கேட்டதை, அதாவது முதல் கிலோமீட்டரில் படம் எடுக்கக் கூடாது என்பதை, அவர்கள் ஏற்கவில்லை. படம் இல்லாமல் நன்கொடையாளர்களிடம் எதைக் காட்டுவது என்கிறார்கள். கடைசி கிலோமீட்டரில் எடுங்கள் என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவரின் அக்காவுக்கு அழைப்பு அனுப்பியிருந்தோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதல் நாள் பாதையில் சரிவு எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டருக்கு என்று மட்டும் கேட்டிருக்கிறார். எங்களில் எவருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மீட்டர் பலகையையும் கொத்தனார் ஒருவரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய் அளக்கத் தொடங்கினேன். முதல் 11 கிலோமீட்டரும் வலப்பக்கம், மீட்டருக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர். பாலத்துக்கு அப்பால் இருட்டிவிட்டது. மிச்சத்தை அடுத்த வாரம் அளந்து எழுதுகிறேன்.